படகுப் பொறியின் ஓசை

புதுவை நகருக்குத் தெற்கே, தென்பெண்ணையாற்றுக்கு வடக்கே அமைந்த நிலப்பகுதி பாகூர்க் கொம்யூன். பாகூர் ஏரியின் பாய்ச்சலால் வளம் பெற்ற நிலமாதலின், அதனைப் புதுவையின் நெற்களஞ்சியம் என்று கூறுவர். ஆயினும், அவ்வயல்களைக் கடந்து கிழக்கு நோக்கிச் சென்றால் காட்சி முற்றிலும் மாறிவிடும். வரப்பு மறைந்து மணல்மேடு தோன்றும். வைக்கோற்போர் மறைந்து உலரும் வலைகள் தோன்றும். மருதம் முடிந்து நெய்தல் தொடங்கும் அவ்விடத்தில் மூர்த்திக்குப்பம், புதுக்குப்பம், பனித்திட்டு, நரம்பை முதலிய மீனவர் ஊர்கள் இருக்கின்றன.

இவ்வூர்களின் முன்னோர் கட்டுமரத்தில் கடலுக்குச் சென்றனர். துடுப்பும் பாயுமே அவர்களுக்குத் துணை. காலப்போக்கில் பொறி பூட்டிய படகுகள் வந்தன. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கிக் கலங்களை அழித்துச் சென்ற பின்னர், கண்ணாடி இழையால் ஆன ஃபைபர் படகுகள் பெருகின. அப்படகுகள் பலவற்றின் பின்புறத்தில் ஒற்றைச் சிலிண்டர் கொண்ட சிறு டீசல் எஞ்சின் ஒன்று, இருபுறமும் திரும்பவும் மேலும் கீழும் அசையவும் கூடிய முளையின்மேல் அமர்ந்திருக்கும். அதிலிருந்து நீண்ட குழாய் ஒன்று நீருக்குள் இறங்கும். குழாயினுள் ஒரு தண்டு சுழலும். தண்டின் முனையில் விசிறி சுழலும். கரையை நெருங்கும்போது தண்டினை நீருக்கு மேலே தூக்கிக்கொள்ளலாம். துறைமுகம் இல்லாத, அலை புரளும் மணற்கரைக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பினைக் காண்பது அரிது.

பொழுது புலருமுன் இப்படகுகள் புறப்படும். அவற்றின் ஓசை கரைமக்களுக்குப் பழகிய ஓசை. வீட்டு வாயிலில் நிற்கும் பெண்கள், இன்ன படகு திரும்பி வருகின்றது என்று ஓசையைக் கொண்டே கூறிவிடுவர். ஆதலின், ஒரு பொறியின் ஓசை மாறினால் அதனை முதலில் அறிபவர் எஞ்சினுக்கு அருகே அமர்ந்திருப்பவராகவே இருத்தல் வேண்டும் என்பதில்லை. நாள்தோறும் அருகே இருப்பவரின் காது அதற்குப் பழகிப்போவதும் உண்டு.

அவ்வாறே ஒரு படகின் எஞ்சினில் ஒருநாள் புதிய ஓசை ஒன்று எழுந்தது. அதன் உரிமையாளர் இளைஞர். இயல்பான படபடப்புக்கு இடையே 'டொக், டொக்' என்று சம்மட்டியால் தட்டுவது போன்ற ஒலி கேட்டது. கரையில் இருந்த அவருடைய மாமா, "இந்தப் பொறியோடு நாளை கடலுக்குப் போக வேண்டா" என்று தடுத்தார். அவர் கூறியதற்குக் காரணம் உண்டு. நடுக்கடலில் எஞ்சின் நின்றால், பிற படகுகளின் உதவியை எதிர்பார்த்துக் காத்திருக்கலாம். கரையோரத்தில் அலைகள் உடையும் இடத்தில் நின்றுவிட்டால் காத்திருக்க நேரம் இராது. செலுத்தும் விசையை இழந்த படகு அலைக்குக் குறுக்கே திரும்பும். அடுத்த அலை அதனைக் கவிழ்த்துவிடும்.

கூடியிருந்தோர் ஆளுக்கொரு கருத்துக் கூறினர். "பேரிங் போய்விட்டது, எஞ்சினை இறக்கிப் பிரித்துவிட வேண்டியதுதான்" என்றார் ஒருவர். "நாசிலை மாற்றிய பிறகுதான் இந்தச் சத்தம், நாசில்தான் கோளாறு" என்றார் மற்றொருவர். இளைஞர் கலங்கினார். எஞ்சினைப் பிரித்தால் பல நாள் தொழில் இல்லை, செலவும் பெரிது. நெடுநேரம் ஆராய்ந்தபின், வில்லியனூர்ப் பக்கத்திலிருந்து முதிய மெக்கானிக் ஒருவரை அழைத்துவர முடிவு செய்தனர்.

வில்லியனூர் கடலை ஒட்டிய ஊர் அன்று. சங்கராபரணி ஆற்றங்கரையில் அமைந்த ஊர். அங்குள்ளவருக்குப் படகுப் பொறியைப் பற்றி என்ன தெரியும் என்று ஐயம் தோன்றலாம். மின்சார மோட்டார்கள் பரவுவதற்கு முன்பு, கிணற்று நீரை இறைத்தவை டீசல் எஞ்சின்களே. இரவெல்லாம் ஓடும் எஞ்சினுக்கு அருகே கயிற்றுக் கட்டிலில் உறங்கும் உழவர், எஞ்சின் ஓடும் வரையில் விழிக்கமாட்டார். அதன் தாளம் சற்றே பிசகினால் உடனே விழித்துக்கொள்வார். அப்பயிற்சியில் வளர்ந்த காது அம்மெக்கானிக்குடையது. நீரை இறைத்தாலும் படகைத் தள்ளினாலும் எஞ்சினின் உள்ளுறுப்புகள் ஏறத்தாழ ஒன்றே.

அவர் செய்ததைக் கூறுமுன், டீசல் எஞ்சின் இவ்வளவு இரைச்சல் இடுவது ஏன் என்பதை அறிதல் வேண்டும்.

இப்பொறியைக் கண்டவர் ருடால்ப் டீசல். இவர் 1858இல் பாரிசு நகரில் பிறந்த செர்மானியப் பொறியாளர். 1893இல் தம் முதற்பொறியைச் சோதித்தபோது, அழுத்தத்தை அளக்கும் கருவி வெடித்துச் சிதறியது. அவர் மனம் தளரவில்லை. 1897இல் ஆக்சுபர்க் நகரில் அவர் வெற்றி கண்ட எஞ்சின், எரிபொருளின் வெப்பத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கைப் பயனுள்ள வேலையாக மாற்றியது. அக்காலத்து நீராவிப் பொறிகள் அந்த அளவை எட்டவில்லை. 1903இல் பிரான்சு நாட்டுக் கால்வாயில் 'பெத்தி பியேர்' என்னும் படகு டீசல் எஞ்சினால் ஓடியது. 1912இல் டென்மார்க்கு நாட்டின் 'செலாந்தியா' என்னும் கப்பல் டீசல் பொறிகளின் வலிமையால் பெருங்கடல்களைக் கடந்தது. அடுத்த ஆண்டே, ஆங்கிலக் கால்வாயைக் கடந்துகொண்டிருந்த கப்பலிலிருந்து டீசல் மறைந்துபோனார். பின்னர் அவர் உடல் கடலில் கிடைத்தது. அவர் பெயர் தாங்கிய பொறியோ இன்று கடல்தோறும் ஒலிக்கின்றது.

பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளைக் கொளுத்த மின்பொறி தேவை. டீசல் எஞ்சினில் அது இல்லை. சிலிண்டருக்குள் புகுந்த காற்றைப் பிஸ்டன் பதினாறு, பதினேழில் ஒரு பங்காக நெருக்குகின்றது. மிதிவண்டிச் சக்கரத்துக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதை மாணவர் அறிவர். அதே காரணத்தால் இங்கே காற்றின் வெப்பம் 500 பாகை செல்சியசுக்கும் மேலே ஏறுகின்றது. அந்நொடியில் நாசில் என்னும் நுண்துளைக் கருவி, வளி அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய இருநூறு மடங்கு அழுத்தத்தில் எண்ணெயைப் பனிபோல் தூவுகின்றது. எண்ணெய் தானே பற்றி எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகின்றது.

தூவிய எண்ணெய் உடனே பற்றிக்கொள்வதில்லை. ஆயிரத்தில் ஒரு வினாடி அளவான சிறு தாமதம் உண்டு. அத்தாமதத்தில் சேர்ந்த எண்ணெய் எல்லாம் ஒருங்கே எரிவதால் அழுத்தம் திடீரென்று உயர்ந்து சிலிண்டரின் சுவரைச் சம்மட்டிபோல் அறைகின்றது. டீசல் எஞ்சினுக்கே உரிய படபடப்பு இதுதான். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தாமதம் மிகும், ஓசையும் மிகும். எண்ணெய் உரிய காலத்துக்கு முன்பே பாய்ந்தாலும், நாசில் தூவாமல் சொட்டுப் போட்டாலும் ஓசை கூர்மையாகும். ஆகவே, டீசல் எஞ்சினில் ஓசை கேட்பது நோயன்று. ஓசை மாறுவதே நோயின் அறிகுறி.

முதியவர் கரைக்கு வந்ததும் பையைத் திறக்கவில்லை, கேள்விகளையே கேட்டார்.

"தம்பி, இந்தச் சத்தம் என்று தொடங்கியது?"

"நான்கு நாளாக இருக்கிறது ஐயா."

"எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டுமா, சூடான பிறகுமா?"

"இரண்டு வேளையிலும் கேட்கிறது."

"மெதுவாக ஓடும்போது மிகுதியா, வேகமாக ஓடும்போது மிகுதியா?"

இளைஞர் சற்றே எண்ணிப் பார்த்து, "மெதுவாக ஓடும்போதுதான் மிகுதி. வேகம் கூட்டினால் குறைந்துவிடுகிறது. அதனால்தான் முதலில் நான் பொருட்படுத்தவில்லை" என்றார்.

இவ்வொரு விடை முதியவருக்குப் பெருந்துணையாயிற்று. பிஸ்டனையும் கிராங்குத் தண்டினையும் இணைக்கும் கம்பியின் பெரிய பேரிங் தேய்ந்திருந்தால், பளு ஏற ஏற ஓசையும் கனத்து ஒலிக்கும். பிஸ்டன் தேய்ந்து சிலிண்டரில் தளர்வாக ஆடினால், குளிர்ந்த எஞ்சினில் ஓசை எழும். சூடேறிப் பிஸ்டன் விரிந்ததும் அடங்கும். இந்த எஞ்சினின் ஓசை இரண்டோடும் பொருந்தவில்லை. ஆயினும், கேள்வியால் பெற்ற கருத்தைச் சோதனையால் உறுதி செய்யாமல் அவர் கருவியைத் தொடவில்லை.

முதற்சோதனை எளியது, செலவில்லாதது. எஞ்சினை வேகமாக ஓடவிட்டு, எரிபொருளை நிறுத்தும் நெம்புகோலை அவர் திருப்பினார். எரிதல் உடனே நின்றது. எஞ்சினோ சுழன்ற விசையால் மேலும் சில வினாடி ஓடி அடங்கியது. அச்சில வினாடியிலும் 'டொக், டொக்' என்னும் ஓசை கேட்டது. நிற்கும் தறுவாயில் இன்னும் தெளிவாகவே கேட்டது. எண்ணெய் எரிவதால் எழும் ஓசையாயின், எரிதல் நின்ற அக்கணமே அதுவும் நின்றிருக்கும். ஆகவே, குறை நாசிலில் இல்லை. நாசிலை மாற்றியதும் ஓசை எழுந்ததும் அடுத்தடுத்து நிகழ்ந்தவை. ஒன்றால் ஒன்று நிகழ்ந்தவை அல்ல. இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காணாமல் பணத்தையும் உழைப்பையும் வீணாக்குவோர் உலகில் மிகப் பலர்.

அருகிலிருந்த சிறுவன் ஒருவன், நாசிலைக் கழற்றி அது தூவுவதைக் காட்டுமாறு கேட்டான். முதியவர் கடுமையாகத் தலையசைத்தார். அந்த அழுத்தத்தில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உடலுக்குள் புகுந்துவிடும். காயம் ஊசிமுனை அளவே தெரியும். உள்ளே சதை அழுகிக் கையையே வெட்ட நேர்ந்தாலும் நேரும். தூவும் நாசிலுக்கு முன்னே கையை நீட்டுதல் கூடாது.

அடுத்து, எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெயை வடித்து வெள்ளைத் துணியில் பரப்பிப் பார்த்தார். எண்ணெய் கறுத்திருந்தது, ஆனால் உலோகத் துகளின் மினுமினுப்பு இல்லை. பேரிங் அரைபட்டிருந்தால் அத்துகள்கள் வெயிலில் பளிச்சிடும். அதனால் மட்டுமே பேரிங் நன்றாயிருக்கின்றது என்று முடிவு கட்டிவிட இயலாது. ஐயம் பெரிதும் குறைந்தது என்று கொள்ளலாம். புதிய எண்ணெயை உரிய அளவு ஊற்றிய பின்னர், எஞ்சின் மீண்டும் மெதுவாக ஓடத் தொடங்கியது.

இப்போது அவர் நீண்ட திருப்புளி ஒன்றை எடுத்தார். அதன் முனையை எஞ்சினின் உடலில் ஊன்றி, பிடியைக் காதின் முன்னெலும்பில் அழுத்திக்கொண்டார். சுழலும் உறுப்புகளில் ஆடையோ கையோ படாதவாறு ஒதுங்கியே நின்றார். காற்றில் கலந்து குழம்பும் ஓசைகள், திண்மையான இரும்பின் வழியே தனித்தனியே வந்து சேரும். 1816இல் பாரிசு நகர மருத்துவர் லெனெக்கு, தாளைக் குழலாகச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார். நெஞ்சின் துடிப்பு முன்னிலும் தெளிவாகக் கேட்டது. இன்று மருத்துவர் கழுத்தில் விளங்கும் கருவி அவ்வாறு பிறந்ததே. திருப்புளிக்கும் அதற்கும் உறவு நெருங்கியது.

சிலிண்டரின் தலைப்பகுதியில் ஊன்றியபோது 'டிக், டிக்' என்னும் மெல்லிய ஓசை கேட்டது. அது கனத்த ஓசையன்று, வேறோர் ஓசை. காற்றை உள்ளே விடவும் புகையை வெளியே விடவும் அமைந்த வால்வுகளைத் திறக்கும் உறுப்பு டாப்பெட். நான்கு வீச்சு எஞ்சினில் கிராங்குத் தண்டு இருமுறை சுற்றினால் ஒவ்வொரு வால்வும் ஒருமுறை திறக்கும். நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும் எஞ்சினில், வினாடிக்கு 25 முறை அது திறந்து மூட வேண்டும். வெப்பத்தால் உலோகம் விரிவதற்காக அங்கே மயிரிழை போன்ற இடைவெளி விடப்படுகின்றது. சிறு எஞ்சின்கள் பலவற்றில் அது 0.15 முதல் 0.20 மில்லிமீட்டர் வரை இருக்கும். சரியான அளவினை அந்தந்த எஞ்சினின் கையேட்டில் பார்த்தே வைத்தல் வேண்டும். இடைவெளி மிகுந்தால் டாப்பெட் தட்டும். முற்றிலும் குறைந்தாலோ ஓசையே எழாது; வால்வு முழுதும் மூடாமல் கருகிவிடும். ஓசை இல்லாத குறை ஓசையுள்ள குறையைவிடக் கொடியதாவது இங்கேதான்.

எஞ்சின் ஆறிய பின்னர், முதியவர் மெல்லிய எஃகுத் தகடுகளால் அவ்விடைவெளியை அளந்தார். ஒரு வால்வில் அது மிகுந்திருந்தது. அதனைச் சரிசெய்து எஞ்சினை முடுக்கினார். 'டிக், டிக்' மறைந்தது. 'டொக், டொக்' மறையவில்லை. கூடியிருந்தோர் முகம் வாடிற்று. முதியவர் முகத்தில் வாட்டம் இல்லை. இரண்டு ஓசைகளில் ஒன்று ஒழிந்ததால், மற்றொன்று தனித்து நின்றதன்றோ?

திருப்புளியைப் பல இடங்களில் மாற்றி மாற்றி ஊன்றினார். எஞ்சினின் ஒரு பக்கத்தில், ப்ளைவீல் அமைந்த பக்கத்தில், ஓசை ஓங்கி ஒலித்தது. ப்ளைவீல் என்பது கிராங்குத் தண்டின் முனையில் பூட்டிய கனத்த சக்கரம். நான்கு வீச்சில் ஒன்றுதான் ஆற்றல் தருவது. மற்ற மூன்றுக்கும் எஞ்சினை இழுத்துச் செல்வது இச்சக்கரத்தின் கனம். காற்றால் குளிரும் எஞ்சின்களில் இதன் தகடுகளே விசிறியாகவும் உதவும். தண்டின் கூம்பிய முனையில் இதனைச் செருகி, சிறு எஃகுச் சாவி ஒன்றை இடையே வைத்துப் பெரிய நட்டால் இறுக்கியிருப்பர்.

எஞ்சினை நிறுத்தினார், தவறிக்கூட முடுங்காதவாறு எரிபொருளை அடைத்தார். சுண்ணக்கட்டியால், தண்டின் முனையிலிருந்து ப்ளைவீல்வரை ஒரே நேர்கோடு இழுத்தார். பிறகு சக்கரத்தை இரு கையாலும் பற்றி, அழுத்தம் தடுக்கும் நிலையில் முன்னும் பின்னும் அசைத்தார். கோடு முறிந்தது. தண்டில் உள்ள பாதி அசையவில்லை. சக்கரத்தில் உள்ள பாதி நூலளவு நகர்ந்து மீண்டது. கண்ணால் கண்டபின் எவருக்கும் ஐயம் இல்லை. எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஒவ்வோர் எரிதலும் தண்டினை உந்தித் தள்ளும். ஒவ்வோர் அமுக்கமும் அதனைத் தடுத்து நிறுத்தும். தளர்ந்த சக்கரம் இவ்விரண்டுக்கும் இடையே தண்டின்மேல் முட்டிக்கொண்டது. வேகம் மிகுந்தால் சுழற்சி சீராகும்; முட்டலும் குறையும். இளைஞர் கூறிய விடையின் பொருள் இப்போது விளங்கியது.

"நட்டை இறுக்கிவிட்டால் போதும் அல்லவா, மேஸ்திரி?" என்று மாமா கேட்டார்.

"இறுக்கினால் இன்று சத்தம் அடங்கும், ஐயா. தேய்ந்த சாவி உள்ளேயே இருக்கும். ஓடும்போது அது அறுந்தால் இந்தச் சக்கரம் தண்டையும் சிதைக்கும், ஆளையும் சிதைக்கும்" என்றார் முதியவர்.

கழற்றும் கருவியைப் பூட்டிச் சக்கரத்தை அவர் மெல்ல வெளியே இழுத்தார்; சம்மட்டியால் அடிக்கவில்லை. உள்ளே இருந்த சாவியின் இரு பக்கமும் தேய்ந்து வட்டித்திருந்தன. நற்பேறாக, சாவி அமரும் பள்ளம் கெடவில்லை. கூம்பினைத் துடைத்து, மெல்லிய மை தடவிச் சக்கரத்தைப் பொருத்தி எடுத்துப் பார்த்தார்; மை பரவலாக ஒட்டியிருந்தது. இரண்டும் நன்கு பொருந்துகின்றன என்பதற்கு அதுவே சான்று. புதிய சாவியை இட்டு, கையேடு குறித்த அளவுக்கு நட்டை இறுக்கி, பூட்டுத் தகட்டை மடக்கினார்.

எஞ்சின் முடுங்கியது. கனத்த ஓசை இல்லை. இளைஞர் மகிழ்ந்து கருவிகளைத் திரட்டத் தொடங்கினார். "தண்ணீரில் இறக்கிப் பார்க்காமல் என் வேலை முடியாது" என்று முதியவர் தடுத்தார். அவர் ஐயுற்றது சரியே. விசிறி நீரில் சுழன்றதும் படகின் பின்புறம் அதிர்ந்தது. தண்டினைத் தூக்கிப் பார்த்தபோது, விசிறிக்குப் பின்னே அறுந்த நைலான் நரம்பு இறுகச் சுற்றிக் கிடந்தது. விசிறியின் ஓர் இலை சற்றே வளைந்தும் இருந்தது. நரம்பை அறுத்தெடுத்தனர், விசிறியைக் கழற்றி மற்றொன்றைப் பூட்டினர். நீண்ட குழாயினுள் தண்டினைத் தாங்கும் புஷ்ஷையும் அவர் அசைத்துப் பார்த்தார். சிறிது ஆட்டம் இருந்தது. இந்தப் பருவத்துக்குத் தாங்கும் என்றும், அடுத்த முறை மாற்றிவிட வேண்டும் என்றும் கூறினார். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தின் பெரிய விசைப்படகுகளுக்கு, ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை உள்ள மீன்பிடித் தடைக்காலம் இத்தகைய வேலைகளுக்கு வாய்ப்பாகின்றது. சிறு படகுக்காரர் தம் ஓய்வு நாளைத் தாமே தேடிக்கொள்ள வேண்டியிருக்கின்றது.

பணம் பெற்றுக்கொண்ட முதியவர், இளைஞரைத் தம் இடப்பக்கமிருந்து வலப்பக்கம் வந்து பேசச் சொன்னார். அவருடைய இடக்காது மந்தம். எட்டு மணி நேரம் தொடர்ந்து கேட்பதற்கு 85 டெசிபல் அளவே எல்லை என்று அறிவியலார் வரையறுத்துள்ளனர். ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சினுக்கு அருகே எழும் ஓசை அதனை எளிதில் தாண்டும். காதின் உட்புறத்து நுண்மயிர் உயிரணுக்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. "காதுக்கு அடைப்பான் வாங்கிக்கொள், தம்பி. ஓட்டும்போது போட்டுக்கொள், முடுக்கியதும் முதலில் சிறிது நேரம் போடாமல் கேள்" என்றார் அவர். பத்து மணி நேரம் ஓடியபின் நட்டை ஒருமுறை சோதிக்க வேண்டும் என்பதையும் நினைவூட்டினார்.

மறுநாள் விடியுமுன் அப்படகு அலைகளைக் கடந்து சென்றது. வாயிலில் நின்ற இளைஞரின் தாய், ஓசை அடங்கும் வரையில் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு உள்ளே சென்றார். தேய்ந்த சாவி மாடத்தில் விளக்கின் அருகே கிடந்தது.